அப்பாவின் கார்: பெயர் மாற்றுவதா, அப்படியே ஓடுவதா?

கிளிநொச்சியில் அப்பாவின் பெயரிலிருக்கும் காரை மகன் அப்படியே ஓடலாம். வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் வேண்டும். லொறியென்றால் தகுதிச் சான்றிதழும் சேரும்.

பெயரை மாற்றினாலும் அந்தப் புகைப் பரிசோதனை வருடாவருடம் வரும். செம்புழுதியில் ஓடி எயார் ஃபில்டர் அடைத்த டீசல் கார் யார் பெயரில் இருந்தாலும் கறுப்பாகத்தான் புகைக்கும். முதலில் அந்த ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள்.

வித்தியாசம் பத்திரத்தில்தான். மாற்றும்போது சேசிஸ், எஞ்சின் இலக்கங்கள் வாகனப் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் மாற்றிய பழைய கார் இங்கேதான் சிக்கும். லீசிங் இருந்தால் அதையும் முடிக்க வேண்டும். அலைச்சல்தான், சரி. ஆனாலும் நான் மாற்றச் சொல்வேன்: அப்பா இருக்கும்போது அவரே கையெழுத்துப் போடலாம்; பிறகென்றால் மரணச் சான்றிதழோடு கனடாவிலிருக்கும் சகோதரங்களின் சம்மதத்துக்கும் காத்திருக்க வேண்டிவரும்.