ஒரே தலைப்பு, மூன்று குரல்கள்: ஒரு பயான் மஜ்லிஸின் மதிப்புரை

நாவின் தீங்குகள் என்ற ஒரே தலைப்பை மூன்று ஆலிம்களிடம் (மார்க்க அறிஞர்களிடம்) கொடுத்துப் பேச வைத்த இந்தப் பயான் மஜ்லிஸின், அதாவது மார்க்க உரைக் கூட்டத்தின், ஏற்பாட்டாளர்கள், பேசும் முறைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் அரிய வாய்ப்பொன்றைத் தாங்களே அறியாமல் எங்களுக்கு அளித்துவிட்டார்கள். புறம் பேசுவதை இறந்த சகோதரனின் இறைச்சியைத் தின்பதற்கு ஒப்பிடும் குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தை மூவருமே ஓதினார்கள்; அவர்களுள் இருவர் ஒரே ஹதீஸை (நபிமொழியை) உரையின் மையமாக வைத்திருந்தார்கள். கருத்தில் இவ்வளவு நெருக்கம் இருந்தும், மஜ்லிஸ் கலைந்து படியிறங்கிய பெண்களின் பேச்சில் ஒருவருடைய உரை வரிவரியாக நினைவுகூரப்பட்டது. இன்னொருவருடையது ‘நன்றாகப் பேசினார்’ என்பதோடு முடிந்துவிட்டது. உரைகளின் மார்க்க நுட்பத்தை எடைபோட எனக்குக் கல்வி போதாது. குரலும் வேகமும் நிறுத்தமும் கேட்பவரிடம் என்ன செய்தன என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

எங்கே அமர்ந்து கேட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெண்களுக்கு மேல்தளம் ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கிருந்து பேச்சாளரின் முகமோ கையசைவோ தெரியாது, ஒலிபெருக்கி வழியே வருகின்ற குரல் மட்டுமே உண்டு. கீழே முன்வரிசையில் இருப்பவர்களுக்குப் புன்னகையும் விரலசைவும் ஈடுகட்டிவிடுகிற குறைகள் எல்லாம் மேல்தளத்துக்கு அப்படியே வந்து சேர்ந்துவிடும் என்பதால், ஒரு பேச்சை மதிப்பிட இதைவிடக் கறாரான இடம் கிடைக்காது. மூவர் பேசியதன் காணொளிப் பதிவையும் பிறகு பார்த்தேன். கண்ணால் பார்க்கும்போது முதல் பேச்சாளரைப் பற்றிய என் கருத்து சற்றே இளகியது என்பது உண்மை.

அந்த முதல் பேச்சாளர் இளைஞர். ஹம்தும் ஸலவாத்தும் (இறைப் புகழும் நபியவர்கள் மீதான வாழ்த்தும்) முடிந்த கணமே குரலை உச்சத்துக்குக் கொண்டுபோய், உரை முடியும் வரை அங்கேயே நிறுத்தி வைத்திருந்தார். தொடக்கத்தில் அது வேலை செய்தது என்பதை மறுக்க முடியாது. அரட்டை அடங்கியது, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த இளம்பெண்கள் நிமிர்ந்தார்கள். ஆனால் சிறிது நேரத்தில் காது அந்த உரத்த ஒலிக்குப் பழகிவிட்டது. கப்ரின் (மண்ணறையின்) வேதனையைச் சொல்லும் குரலும், ‘பின்னால் இருப்பவர்கள் கொஞ்சம் முன்னே வாருங்கள்’ என்று சொல்லும் குரலும் ஒரே உயரத்தில் ஒலித்தால், எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு நகர்ந்து உட்கார வேண்டும் என்று மனத்தால் பிரித்தறிய இயலாது. என் அருகில் இருந்தவர் கண்களை மூடிக்கொண்டார். அது உருக்கத்தால் அல்ல, அயர்ச்சியால்.

குரலை உயர்த்துவதே தவறு என்று நான் சொல்லவில்லை. நபி (ஸல்) அவர்கள் உரையாற்றும்போது கண்கள் சிவந்து, குரல் உயர்ந்து, கோபம் கடுமையாகி, எதிரிப்படை காலையிலோ மாலையிலோ உங்கள் மீது பாயப்போகிறது என்று எச்சரிப்பவரைப் போல் ஆகிவிடுவார்கள் என்று நபித்தோழர் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பது ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. உரத்த பேச்சை ஆதரிப்பவர்கள் வழக்கமாக இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த அறிவிப்பிலேயே, தாமும் மறுமையும் இப்படி அனுப்பப்பட்டிருக்கிறோம் என்று சொல்லிச் சுட்டுவிரலையும் நடுவிரலையும் அவர்கள் சேர்த்துக் காட்டியதும் வருகிறது. அங்கே குரலின் உயர்வுக்குக் காரணம் சொல்லப்படும் செய்தியின் அவசரம். செய்தி மாறினால் குரலும் மாறும். நபியவர்களின் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களோ, எண்ண விரும்புபவர் சொற்களை எண்ணிவிடக்கூடிய அளவுக்கு நபியவர்கள் நிதானமாகப் பேசினார்கள், உங்களைப் போல் வேகவேகமாக அடுக்கிக்கொண்டு போகவில்லை என்கிறார்கள். இரண்டு அறிவிப்புகளையும் சேர்த்துப் படிப்பவருக்கு, உச்சக் குரலும் தாழ்ந்த குரலும் ஒரே பேச்சாளரிடம் இருக்க வேண்டியவை என்பது விளங்கிவிடும்.

வேகத்தால் ஏற்பட்ட இழப்பு இன்னும் பெரியது. நம் மொழியில் வாக்கியத்தின் உயிர் கடைசிச் சொல்லில் இருக்கிறது. கூடுமா கூடாதா, செய்தாரா செய்யவில்லையா என்பது அங்கே வந்தபிறகுதான் தெரியும். முதல் பேச்சாளர் மூச்சு முட்ட வாக்கியத்தை இழுத்துக்கொண்டு வந்து, அதன் கடைசிச் சொல்லின் மேலேயே அடுத்த வாக்கியத்தின் முதல் சொல்லை ஏற்றிவிடுகிறார். போதாததற்கு அந்த மண்டபம் உயரமான கூரையும் வழவழப்பான சுவர்களும் கொண்டது. ஒரு சொல்லின் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து அதன் மேல் விழுகிறது. ஒலியமைப்பாளர் ஒவ்வொரு முறையும் ஒலியளவைக் கூட்டிப் பார்த்தார். குரலோடு சேர்ந்து எதிரொலியும் அதே அளவுக்குக் கூடும் என்பதால் இரைச்சல்தான் வளர்ந்தது, தெளிவு வளரவில்லை. மேல்தளத்தில் சிறிய ஒலிபெருக்கிகள் சிலவற்றைக் கேட்பவர்களுக்கு அருகிலேயே வைத்து, குறைந்த ஒலியில் இயக்கியிருந்தால் பாதிக் குறை தீர்ந்திருக்கும். மீதிப் பாதியைப் பேச்சாளர்தான் தீர்க்க வேண்டும்.

இருவரும் மையமாக வைத்த ஹதீஸ், திவாலானவன் யார் என்பதைப் பற்றியது. திவாலானவன் யார் என்று உங்களுக்குத் தெரியுமா என நபியவர்கள் தோழர்களிடம் கேட்கிறார்கள். திர்ஹமும் பொருளும் இல்லாதவன்தான் எங்களில் திவாலானவன் என்று அவர்கள் விடை சொல்கிறார்கள். அதன் பிறகே, தொழுகையோடும் நோன்போடும் ஸகாத்தோடும் மறுமைக்கு வந்தும், ஒருவரைத் திட்டி, ஒருவர் மீது அவதூறு சொல்லி, ஒருவர் பொருளை உண்டு, ஒருவர் இரத்தத்தைச் சிந்தி, ஒருவரை அடித்த காரணத்தால் தன் நன்மைகளை எல்லாம் பிறருக்குக் கொடுத்துத் தீர்த்து, அவர்களுடைய பாவங்களைத் தன்மீது ஏற்றிக்கொண்டு நரகில் எறியப்படுகிறவனின் நிலை விவரிக்கப்படுகிறது. முதல் பேச்சாளர் கேள்வி, விடை, விளக்கம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, ‘தக்பீர்’ என்று குரல் கொடுத்துக் கூட்டத்தை ‘அல்லாஹு அக்பர்’ என முழங்க வைத்து அடுத்த செய்திக்குப் போய்விட்டார். நரகில் எறியப்படுகிற ஒருவனின் கதை முடிகிற இடத்தில் முழக்கம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. காணொளியில் பார்த்தபோது, மேடைக்கு முன்னால் நின்ற ஒளிப்பதிவுக் கருவியை நோக்கியே அவர் அந்தப் பகுதியைப் பேசியிருந்தது தெரிந்தது. ஒரு நிமிடத் துண்டாக வெட்டிப் பரப்புவதற்கு ஏற்றபடி அது கச்சிதமாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது பேச்சாளர் அதே ஹதீஸின் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். மேல்தளத்தில் நாங்கள் ஒலிவாங்கி பழுதாகிவிட்டதோ என்றுகூட நினைத்தோம். அந்த இடைவெளியில் ஒவ்வொருவரும் தத்தமக்குள் ஒரு விடையைச் சொல்லிக்கொண்டோம் என்பது, அவர் தோழர்களின் விடையைச் சொன்னபோது எழுந்த முணுமுணுப்பில் தெரிந்தது. எங்கள் விடையும் அதுவாகத்தான் இருந்தது. அதன் பின்னர் வந்த ஐந்து குற்றங்களையும் அவர் ஒவ்வொன்றாக, நடுவே மூச்சுவிட்டு, சாதாரணமாகப் பேசும் குரலில் சொன்னார். ‘அவதூறு’ என்ற இடத்தில் மட்டும் குரல் சற்றே தாழ்ந்தது. இதற்குப் பெரிய திறமை தேவையில்லை என்று தோன்றலாம். ஆனால் ஆயிரம் பேர் உள்ள கூட்டத்தில் மௌனமாக நிற்பதற்குக் கத்துவதைவிட அதிகத் துணிவு வேண்டும். படியிறங்கிய பெண்கள் வரிவரியாகத் திருப்பிச் சொன்னது இவருடைய உரையைத்தான்.

முக்கியமான வாக்கியங்களை அவர் மூன்று முறை சொன்னார். நபியவர்கள் தாம் சொல்வது நன்கு விளங்க வேண்டும் என்பதற்காக ஒரு சொல்லை மூன்று முறை திருப்பிச் சொல்வார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸை அவர் மேற்கோள் காட்டவில்லை. அதைச் செயலில் காட்டினார். பெரும் பாவங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த நபியவர்கள், அதுவரை சாய்ந்திருந்தவர்கள், பொய்ச் சாட்சியைச் சொல்ல வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்து, அவர்கள் நிறுத்திவிடமாட்டார்களா என்று தோழர்கள் ஏங்கும் அளவுக்குத் திரும்பத் திரும்ப அதையே சொன்னார்கள் என்ற நிகழ்வையும் அவர் எடுத்துரைத்தார். காணொளியில் பார்த்தால், அதைச் சொல்லும்போது நாற்காலியில் சாய்ந்திருந்த அவரும் நிமிர்கிறார். எங்களுக்கு அது தெரிய வழியில்லை. எனினும் நிமிர்ந்த உடலிலிருந்து வந்த குரலின் மாற்றம் மேல்தளத்துக்கும் வந்து சேர்ந்திருந்தது.

அவரிடமும் குறை உண்டு. வாக்கியங்களுக்கு நடுவே ஒலிவாங்கியிலிருந்து முகத்தைத் திருப்பிவிடுகிறார். மெல்லிய குரல் அப்போது முற்றாக மறைந்துவிடுகிறது. முன்வரிசையில் அவர் ஏதோ நகைச்சுவையாகச் சொல்லக் கீழே எல்லோரும் சிரித்தார்கள், மேலே நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தாழ்ந்த குரலில் பேசுவது என்று முடிவெடுத்தவர், அந்தக் குரல் கடைசி வரிசை வரை போகிறதா என்று மேல்தளத்துக்கு ஒருவரை அனுப்பிக் கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாமவர் முதியவர், பலரின் மரியாதைக்குரியவர். அவர் உரை பெரும்பகுதி ஒருவித ராகத்தோடு நகர்ந்து, முடிவில் அழுகையும் துஆவுமாக (பிரார்த்தனையுமாக) ஆனது. மேல்தளம் முழுவதும் விம்மியது, நானும் அழுதேன். மனம் இளகுவதைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமை இல்லை. இறைவனை அஞ்சுவோரின் தோல்கள் சிலிர்த்து, பின்னர் அவர்களுடைய தோல்களும் உள்ளங்களும் அவனுடைய நினைவில் இளகுகின்றன என்று குர்ஆனே சொல்கிறது. பாக்தாதில், பெயர்பெற்ற உபதேசகரான இப்னுல் ஜவ்ஸி அவர்களின் உபதேச மஜ்லிஸ்களில் மக்கள் கதறி அழுததை 1184இல் அங்கு சென்ற அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர் வியந்து பதிவு செய்திருக்கிறார். அதே இப்னுல் ஜவ்ஸிதான், உபதேசம் செய்பவர்களையும் கதை சொல்லிகளையும் பற்றித் தனி நூல் எழுதி, அவர்களிடம் புகுந்துவிட்ட போலித்தனங்களைக் கடுமையாகக் கண்டித்தார். மக்களை அதிகம் அழவைத்தவரே அழவைப்பதன் ஆபத்தையும் அதிகம் அறிந்திருந்தார் போலும்.

அந்த முதியவரின் கண்ணீர் உண்மையானதா என்று நான் ஆராயவில்லை. அது அவருக்கும் அவருடைய இறைவனுக்கும் இடையிலுள்ளது. நான் கேட்பது வேறு. அழுது முடித்த பிறகு என் கையில் என்ன மிஞ்சியது? இர்பாழ் இப்னு ஸாரியா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்வில், நபியவர்களின் உபதேசத்தைக் கேட்டுக் கண்கள் கண்ணீர் வடித்தன, உள்ளங்கள் நடுங்கின. உடனே தோழர்கள், இது விடைபெற்றுச் செல்பவரின் உபதேசம் போல் இருக்கிறதே, எங்களுக்கு வஸிய்யத் (இறுதி அறிவுரை) செய்யுங்கள் என்று கேட்டார்கள், தெளிவான கட்டளைகளும் கிடைத்தன. இந்த மஜ்லிஸில் கண்ணீருக்குப் பிறகு கிடைத்தது ஆமீன் மட்டுமே. நாளை அண்டைவீட்டுப் பெண் இன்னொருத்தியைப் பற்றிப் பேச்செடுத்தால் நான் என்ன சொல்லி அதைத் திருப்ப வேண்டும் என்பது அந்த உரையில் எங்கும் இல்லை. வெளியே வந்தவர்கள் பேச்சாளரின் பக்தியைப் புகழ்ந்தார்கள். புறம் பேசுவதைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று ஒருவரும் பேசவில்லை.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. மூவருமே அவரவர்க்குக் கொடுத்த நேரத்தைத் தாண்டினார்கள், முதலாமவர் மிக அதிகமாக. தொழுகையை நீட்டுவதும் குத்பாவை (வெள்ளிக்கிழமைத் தொழுகையின் உரையை)ச் சுருக்குவதும் ஒருவரின் மார்க்க அறிவுக்கு அடையாளம் என்ற ஹதீஸ் ஜும்ஆவைப் பற்றியதுதான், பயானுக்குப் பொருந்தாது என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வியாழக்கிழமைகளில் மட்டும் உபதேசித்து, தினமும் பேசுங்கள் என்று கேட்டவரிடம் உங்களைச் சலிப்படையச் செய்துவிடுவேனோ என்று அஞ்சுகிறேன் என்றது குத்பாவில் அல்ல. கைக்குழந்தைகளோடு மேல்தளத்தில் இருந்தவர்கள் மூன்றாவது உரை தொடங்குமுன்பே எழத் தொடங்கிவிட்டார்கள். நெறியாளர் ஒரு முறைகூடத் துண்டுச்சீட்டு அனுப்பவில்லை.

மஜ்லிஸின் மிகச் சிறந்த பகுதி அறிவிப்பில் இடம்பெறாத ஒன்று. இறுதியில், எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு விடை சொல்லும் பொறுப்பு முதல் பேச்சாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. மேல்தளத்திலிருந்து போன சீட்டு ஒன்றில், நான் ஒருவரைப் பற்றிப் புறம் பேசிவிட்டேன், போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்டால் பெரும் சண்டை வரும், என்ன செய்வது என்று எழுதியிருந்தது. அதை வாசித்துவிட்டு அவர் சற்று யோசித்தார். அதன்பின் வந்த குரல் அதுவரை நாங்கள் கேட்டிராதது: தாழ்ந்த, அவசரமற்ற, எதிரில் உட்கார்ந்திருக்கும் தங்கையிடம் பேசுகிற குரல். சொன்னால் பகை வளரும் என்ற நிலையில், அவரிடம் போய்ச் சொல்லாமல், தவ்பா செய்து (பாவத்துக்காக வருந்தி இறைவனிடம் மீண்டு), அவருக்காகப் பாவமன்னிப்புக் கேட்டு, எந்தச் சபையில் அவரைப் பற்றித் தவறாகப் பேசினாயோ அதே சபையில் அவருடைய நற்குணத்தை எடுத்துச் சொல் என்று ஆலிம்கள் பலர் வழிகாட்டியிருக்கிறார்கள் என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மேல்தளத்தில் ஒரு சொல்லும் தவறவில்லை, ஒருவரும் எழவில்லை.

இந்த மஜ்லிஸ் மீண்டும் நடந்தால் போகலாமா என்று கேட்பவர்களுக்கு, இரண்டாமவர் பேசுவதாக இருந்தால் தயங்காமல் போகலாம் என்பேன். முதலாமவருக்கு மேடை உரையைத் தவிர்த்துக் கேள்விச் சீட்டுகளை மட்டும் கொடுப்பதாக அறிவித்தால், நானே நான்கு பேரை அழைத்துக்கொண்டு வருவேன்.