தொட்டியில் பிறந்த கடல்குதிரை என்று யாரேனும் சொன்னால்

சென்னையில் வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கும், வைக்க நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சென்ற சித்திரையில் ஒரு ஜோடிக் கடல்குதிரைகளுக்காக 9,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். ஆனால் பணம் போனது இதில் சிறிய பகுதிதான். தவறில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கோமாளி மீன்களை இரண்டு ஆண்டுகள் நல்லபடியாக வளர்த்திருந்த துணிச்சலில் கடல்குதிரைக்கென்றே தனித்தொட்டி ஒன்றை அமைத்தேன். நிமிர்ந்து நீந்தும் உயிர் என்பதால் உயரம் 60 சென்டிமீட்டர்; வாலைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளச் செயற்கைக் கடற்புல்; மெதுவான நீரோட்டம்; கொட்டும் கடற்சாமந்தியோ இரையைத் தட்டிப் பறிக்கும் வேறு மீன்களோ கிடையாது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியத்துக்கு இறங்கும்வரை ஆறு வாரம் காத்திருந்தேன். உப்பின் அடர்த்தியை நாள்தோறும் அளந்து குறித்து வைத்த நான், விற்பவரிடம் கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை.

வாட்ஸ்அப் குழு ஒன்றில் அறிமுகமான விற்பனையாளர் மிகப் பொறுமையாகப் பேசினார். இவை கடலில் பிடித்தவை அல்ல, ஆராய்ச்சி நிலையத்துக் குஞ்சுகளிலிருந்து தொட்டியில் பிறந்து வளர்ந்தவை, மைசிஸ் என்ற உறைந்த பொடி இறாலைத் தின்னப் பழகியவை என்றார். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் கேரளத்து விழிஞ்ஞத்தில் கடல்குதிரைகளை இனப்பெருக்கம் செய்து காட்டிய செய்தியை நான் முன்பே படித்திருந்தேன். அந்த உண்மையின் முதுகில் ஏறித்தான் இந்தப் பொய் என் வீட்டுக்குள் வந்தது. ‘சைட்டிஸ் பேப்பர் இருக்கு சார்’ என்று கைப்பேசியில் ஒரு படமும் அனுப்பினார். சைட்டிஸ் என்பது அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை. அது வேறொரு நாட்டில் வேறொருவருக்கு வழங்கப்பட்ட ஏற்றுமதி அனுமதி என்பதை, பெரிதாக்கிப் படித்திருந்தால் அன்றைக்கே அறிந்திருப்பேன்.

கடைக்கு வரச் சொல்லாமல், இரவு எட்டரை மணிக்குப் பேருந்து நிறுத்தத்தருகே ஆக்சிஜன் நிரப்பிய பையைக் கையில் கொடுத்தார். பில் கேட்டதற்கு மறுநாள் ஒன்று வந்தது. அதில் ‘தொட்டி உபகரணங்கள்’ என்றிருந்தது. விற்கிற பொருளின் பெயரை எழுதத் தயங்குகிறவரிடம் எதையும் வாங்கக் கூடாது என்பது மளிகைக் கடைக்குப் போகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

முதல் நாளே மைசிஸைக் கரைத்து ஊற்றினேன். தனித்தனியே சுழலும் அந்தக் கண்களில் ஒன்று இரையைப் பார்த்தது, மற்றொன்று என்னைப் பார்த்தது; வாய் திறக்கவில்லை. கடலில் பிடிபட்ட கடல்குதிரைக்கு அசைவதுதான் இரை. அசையாத இறால் அதற்குக் குப்பைக்குச் சமம். தொட்டியில் பிறந்து பழக்கப்பட்டதாக இருந்தால் உறைந்த இறாலை உறிஞ்சி இழுக்கும். இரைப்பை என்ற உறுப்பே இல்லாத உயிரினம் என்பதால் உண்டது விரைவில் குடலைக் கடந்துவிடும். நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறையாவது அது தின்றாக வேண்டும். விற்பனையாளரிடம் சொன்னபோது, ‘இடம் புதுசு சார், ரெண்டு நாள் பாருங்க’ என்றார். அந்த இரண்டு நாள் எட்டு நாளாயிற்று. இதற்கிடையே மீன்களுக்கு உயிர்த்தீனியாகக் கொடுக்கும் ஆர்ட்டிமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறாலின் முட்டைகளைப் பொரிக்கவைத்தேன். வளர்ந்த கடல்குதிரைக்கு அந்தக் குஞ்சுகள் பல்லுக்குப் பத்தாத தீனி (அதற்குப் பல்லும் கிடையாது). முட்டுக்காட்டுப் பக்கம் உயிருள்ள பொடி இறால் கிடைத்த இரண்டு நாள் மட்டும் இரண்டும் வேட்டையாடின. அந்த இரண்டு நாளும் நான் அலுவலகத்துக்குத் தாமதமாகத்தான் போனேன்.

குளிர்விப்பான் பற்றியும் அவர் என்னைத் தவறாக வழிநடத்தினார். ‘நம்ம ஊர்க் கடல்ல இருக்கிறதுதானே, சில்லர் எதுக்கு’ என்ற அவருடைய வாதம் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. ஆனால் கடலின் பரப்பு வேறு, நூற்றைம்பது லிட்டர் தண்ணீர் வேறு. அடைபட்ட நீர் 29 பாகை செல்சியஸைத் தொடும்போது விப்ரியோ பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகும். ஏற்கெனவே பட்டினியில் தளர்ந்த உடலை அவை பற்றிக்கொள்ளும். வெப்பமண்டலக் கடல்குதிரைகளையே தொட்டியில் 24 பாகைக்குக் கீழ் வைக்கச் சொல்வது இதனால்தான். சென்னைச் சித்திரையில் குளிர்விப்பான் இல்லாமல் அது நடக்காது.

பதினோராம் நாள் ஆண் இறந்தது. உடலைச் சுற்றிய எலும்பு வளையங்களுக்கு இடையே தோல் குழிந்திருந்தது. வாலில் வெண்மையாக அரித்திருந்தது. பத்தொன்பதாம் நாள் பெண்ணும் போயிற்று.

நோய் என்னவென்று கேட்க, மீன்வளம் படித்த தூரத்து உறவினர் ஒருவருக்குப் படம் அனுப்பினேன். அவர் நோயைப் பற்றிப் பேசவே இல்லை. ‘தம்பி, இதை வீட்டில் வைத்திருந்ததே குற்றம், தெரியுமா?’ என்றார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடல்குதிரைகள் 2001இல் சேர்க்கப்பட்டன. பிடிப்பது, விற்பது, வாங்குவது எல்லாம் சிறைத்தண்டனைக்கு உரியவை. தொட்டியில் பிறந்தது என்பதும் தப்பிக்க வழியாகாது. அடைப்பில் வளர்க்கப்பட்டதையும் சேர்த்தே அந்தச் சட்டம் பேசுகிறது. விற்பனையாளர் காட்டிய சைட்டிஸ் காகிதம் உண்மையாகவே இருந்திருந்தாலும், அது நாடுகளுக்கிடையிலான வணிகத்துக்கான ஏற்பாடு. உள்நாட்டில் வைத்துக்கொள்ளும் உரிமையை அது தராது. பாக் நீரிணையில் இறாலுக்கு இழுக்கும் மடிகளில் கடல்குதிரைகளும் சேர்ந்து ஏறுகின்றன. பெரும்பாலும் காய்ந்த சரக்காகக் கடத்தப்படும் அவற்றில் உயிரோடு தப்பிய இரண்டுதான் என் கைக்கு வந்திருக்கும் என்பது உறவினரின் கணிப்பு. பெண்ணின் கழுத்தருகே இருந்த தேய்ந்த காயத்தை நான் முதல் நாளே பார்த்திருந்தேன். பையில் உரசியது என்று நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

விற்பனையாளரிடம் பணத்தைத் திரும்பக் கேட்டு, தராவிட்டால் புகார் கொடுப்பேன் என்றேன். அதுவரை ஒருமுறைகூடக் குரல் உயர்த்தாத அவர் அப்போதும் உயர்த்தவில்லை. ‘தாராளமா குடுங்க சார். வாங்கி வளர்த்தது நீங்கதானே?’ என்றார். இந்த வணிகத்துக்கு உத்தரவாதச் சீட்டு எங்கே இருக்கிறது என்பது அந்த ஒரு வரியில் எனக்குப் புரிந்தது. உயிர் செத்தாலும் சரி, சொன்னது பொய்த்தாலும் சரி, வாங்கியவன் நுகர்வோர் மன்றத்தின் படியேற முடியாது, அவனும் குற்றவாளி. பேருந்து நிறுத்தமும், பெயரில்லாத பில்லும், பேரம் பேசாத பொறுமையும் அந்தக் கணக்கில் அடங்கியவை.

ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, அவரையும் அழைத்துச் சென்று வனத்துறை அலுவலகத்தில் நடந்ததை எழுத்தில் கொடுத்தேன். உறைபெட்டியில் வைத்திருந்த இரண்டு உடல்களையும் ஒப்படைத்தேன். என்மீது என்ன நடவடிக்கை வரும் என்பது இன்னும் முடிவாகவில்லை. விற்பனையாளரின் எண் மறுவாரமே அணைந்துவிட்டது. நேற்று வேறொரு குழுவில், வேறொரு பெயரில், ‘தொட்டியில் பிறந்தவை, மைசிஸ் தின்னும்’ என்ற அறிவிப்போடு ஒரு படம் வந்தது. எனக்கு அனுப்பிய அதே படம். அதே நீலக் கற்கள், மூலையில் அதே சாய்ந்த வடிகட்டி. ஜோடியின் விலை மட்டும் 8,500 ஆகியிருந்தது.