வண்டி முக்கில் நிற்கிறது, செயலி ‘வந்தாச்சு’ என்கிறது

பெங்களூரில் ஹொரமாவு பக்கம் வீடு கட்டிக் கொடுக்கும் நண்பர் போன வாரம் போனில் கேட்டார்: “லோடு வர்றதைப் பார்க்கிற அந்த ஆப்புக்கு வருஷக் கட்டணத்தைப் பாதியாக் குறைச்சுட்டாங்களாமே, வாங்கலாமா?” நான் அதை இரண்டு வருஷமாக வைத்திருக்கிறேன். அல்சூர், விவேக் நகர், கே.ஆர்.புரம் என்று ஏழு சைட்டுக்கு சிமென்ட், கம்பி, ஜல்லி, எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), ரெடிமிக்ஸ் (பிளாண்டிலேயே கலந்து மிக்ஸர் வண்டியில் வரும் கான்கிரீட்) எல்லாம் அதன் வழியாகத்தான் வந்தன. ஆர்டர் போடுவது, பில் எடுப்பது இதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை.

என் கோபமெல்லாம் ‘வந்தாச்சு’ என்ற அந்தப் பச்சை எழுத்தின் மேல்தான். சைட்டைச் சுற்றி 200 மீட்டருக்குள் வண்டி நுழைந்ததுமே அது எரிகிறது. அந்த நிமிடத்திலிருந்து காத்திருப்புக் கட்டணமும் ஓடத் தொடங்குகிறது. அல்சூர் பின்தெருவில் 200 மீட்டர் என்றால் என்ன என்று அங்கே லோடு இறக்கியவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் பைக், மறு பக்கம் கார், நடுவில் தண்ணீர் டேங்கர். சைட்டில் நிற்கிறவனுக்கு லோடு வந்தது என்றால், கடைசி மூட்டையை எண்ணி இறக்கிய பிறகுதான்.

போன மாதம் ரூஃப் கான்கிரீட். நகருக்குள் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை காலையாகப் பார்த்து வைத்தோம். ஆனால் ஞாயிறு என்றால் தெருவில் இருக்கிற கார் எல்லாம் வாசலில்தான் நிற்கும். மூன்று மிக்ஸர் வண்டி, தலா 6 கன மீட்டர். முதல் வண்டி சுலபமாக உள்ளே வந்துவிட்டது. இரண்டாவது வண்டியின் சீட்டில் பிளாண்டில் ஏற்றிய நேரம் 7:05 என்று இருந்தது. 7:50-க்கு ‘வந்தாச்சு’ எரிந்தது. வண்டியோ முக்கில் நிற்கிறது, திரும்ப முடியவில்லை, வளைவில் ஒரு வெள்ளைக் கார். யாருடையது என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு ஓடினேன்.

ரெடிமிக்ஸுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 4926 படி, ஏற்றிய 2 மணி நேரத்துக்குள் கான்கிரீட்டை இறக்கிவிட வேண்டும். அதாவது 9:05. பம்ப் சும்மா நிற்கிறது. மேலே மேஸ்திரி, முதல் லோடு முடிந்த ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது இறுகிவிட்டால் அடுத்த லோடு அதோடு ஒட்டாது, பிறகு மழைக்காலத்தில் அந்தக் கோட்டில்தான் ஒழுகும். “கொஞ்சம் தண்ணி விட்டா இளகிடும் சார்” என்றார் டிரைவர். விடவே கூடாது என்று சொல்லிவிட்டேன். தண்ணீர் விட்டால் பம்ப்பில் சுலபமாகப் போகும், ஆனால் வலு போய்விடும். எதிர் வீட்டுப் பாட்டி, “பிள்ளையார் கோயில் பக்கத்துல கேளுப்பா” என்று சொன்ன பிறகுதான் கார்க்காரர் கிடைத்தார். 8:32-க்கு வண்டி உள்ளே வந்தது. 8:52-க்கு டிரம் காலி.

மறுநாள் பில்லில் 42 நிமிடத்துக்குக் காத்திருப்புக் கட்டணம். புகார் செய்தேன். வண்டி இடத்தை அடைந்த பிறகு ஆகும் தாமதம் சைட்டின் பொறுப்பு என்று பதில் வந்தது. ‘இறக்கியாச்சு’ என்று இன்னொரு பொத்தான் வையுங்கள், நேரத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டுங்கள் என்று இத்தோடு மூன்று முறை எழுதிவிட்டேன்.

இவ்வளவு திட்டிவிட்டு நல்லதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். எடை மேடைச் சீட்டு இரண்டையும், லோடோடு எடுத்தது, காலியாக எடுத்தது, படம் பிடித்து ஏற்றாமல் டிரைவரால் ஆர்டரை முடிக்க முடியாது. வண்டி எண்ணைத் தட்டினால் அந்த வண்டியின் பழைய சீட்டுகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஒரு நாள் ராத்திரி சும்மா புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன்: எம்-சாண்ட் கொண்டுவரும் ஒரே டிப்பர், ஒரு மாதத்தில் காலி எடை 380 கிலோ குறைந்திருக்கிறது. காலி எடை குறைந்தால் அந்த 380 கிலோவும் மணல் கணக்கில்தான் ஏறும். படங்களைக் காட்டியதும் சப்ளையர் பேசாமல் பில்லைத் திருத்திக் கொடுத்தார். ஈர மணல் தகராறிலும் இதுதான் கைகொடுத்தது. 10 டன்னில் 6 சதவீதம் ஈரம் என்றாலே 500 கிலோவுக்கு மேல் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம். இரண்டு வருஷத்தில் கட்டிய கட்டணத்தைவிட இந்தச் சீட்டுகளால் மிச்சமானது அதிகம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்படியும் நான் புதுப்பிக்கப் போவதில்லை. இன்னும் 11 நாளில் முடிகிறது, பாதி விலை என்றாலும் வேண்டாம். அந்த ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி விரலால் அழுத்திக்கொண்டிருந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நண்பரிடமும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். “சீட்டுக்கு என்ன பண்ணுவே?” என்று கேட்டார். இப்போது தினமும் ராத்திரி உட்கார்ந்து பழைய படங்களை ஒவ்வொன்றாக இறக்கி, வண்டி எண் வாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறேன். நான்கு வண்டி முடிந்திருக்கிறது.