கையில் ஒட்டிக்கொள்ளும் நல்ல கிட்டார்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

இம்மாதத் தொடக்கத்தில் என் கிட்டார் பழுதுபார்ப்பு முடிந்து வீட்டுக்கு வந்தது. அதே வாரத்தில், அலுவலகத்தில் என்னோடு பணிபுரியும் இளைஞர் ஒருவர் அதே மாடலின் விலை இறங்கியிருப்பதாகச் சொல்லி, "அண்ணா, வாங்கலாமா?" என்று கேட்டார். அவருக்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாமல் போனதால் இதை எழுதுகிறேன். 1930களின் டிரெட்நாட் என்னும் அகன்ற உடல் கொண்ட கிட்டார்களை முன்மாதிரியாக வைத்து இன்று செய்யப்படும் விலை உயர்ந்த கருவிகளில் ஒன்று இது. செய்தவர்கள் அமெரிக்காவின் மார்ட்டின் கிட்டார் நிறுவனத்தார் அல்லர். மார்ட்டின் அன்று செய்ததை அடியொற்றிச் செய்யும் ஓர் அமெரிக்கப் பட்டறையார், பெயர் இங்கே வேண்டாம். அடிரான்டாக் ஸ்ப்ரூஸ் முகப்பலகை, ஈட்டி மரத்தில் பின்பலகையும் பக்கங்களும், மஹாகனியில் நெக் எனப்படும் கழுத்துப் பகுதி, வஜ்ஜிரப் பசையில் ஒட்டிய இணைப்புகள், மேலே நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூச்சு. இந்தப் பட்டியல் இதை வாங்க ஆசைப்படுகிற எவருக்கும் மனப்பாடமாக இருக்கும் என்பதால் அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒலியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மார்ட்டின் 1934 முதல் 1944 வரை செய்த டி-18, டி-28 கிட்டார்களில் முகப்பலகையின் உட்புறத்தைத் தாங்கும் பட்டைகளை இரு பக்கமும் குழிவாகச் செதுக்கிவிடுவார்கள். பலகை அதனால் சுலபமாக அதிரும். வாடிக்கையாளர்கள் கனமான கம்பிகளை மாட்டியதில் பலகைகள் புடைத்துப் பழுதுக்குத் திரும்பி வரத் தொடங்கவே, 1944இன் இறுதியில் அந்தச் செதுக்கலைக் கைவிட்டார்கள். பழைய கிட்டார்களைத் தேடி அலைகிறவர்கள் இந்தப் பத்தாண்டுக்கு ஏன் உயிரை விடுகிறார்கள் என்பது என் கிட்டாரில் ஆறாம் கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கித் தட்டிய முதல் நாளே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த டி சுரம் கம்பியிலிருந்து வருவதுபோலவே இருக்காது. மடியிலிருக்கும் மரப்பெட்டி முழுவதும் ஒரு மூச்சு இழுத்து விடுவதுபோல இருக்கும், நெஞ்செலும்பில் அது தெரியும். கூடத்து மாடத்தில் இருக்கும் குத்துவிளக்கின் மேல்தட்டு சற்றுத் தளர்ந்தது. அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் அது கிணுகிணுக்கும், வேறு எந்தச் சுரத்துக்கும் அசையாது.

முகப்பலகை டாரிஃபிகேஷன் செய்யப்பட்டது, அதாவது ஆக்சிஜன் குறைந்த சூளையில் ஏறத்தாழ இருநூறு டிகிரி செல்சியசை நெருங்கும் வெப்பத்தில் வாட்டி எடுக்கப்பட்டது. யமஹா இதை ஏ.ஆர்.இ. என்றும் மார்ட்டின் வி.டி.எஸ். என்றும் அழைக்கிறார்கள். மரத்திலுள்ள ஹெமிசெல்லுலோஸ் சிதைந்து, மரம் எடை குறைந்து, பழுப்பேறி, பல பத்தாண்டுகள் முதிர்ந்த மரத்தின் இயல்புக்கு அருகே வருகிறது என்பது இதன் தத்துவம். வாசிக்க வாசிக்க ஒலி மேலும் 'திறந்துகொள்ளும்' என்று சொல்வார்களே, அதை நான் நம்பவில்லை. ஆறு ஆண்டில் திறந்துகொண்டது என் காதாகவும் இருக்கலாம். ஆனால் வாட்டிய மரம் ஈரத்தைக் குறைவாகவே குடிக்கும் என்பது மட்டும் சென்னையில் நான் அளந்து பார்த்த உண்மை. கிட்டார்களுக்குப் பரிந்துரைக்கப்படும் 45 முதல் 55 விழுக்காட்டு ஈரப்பதம் எங்கள் வீட்டில் ஏசி ஓடும் அறையைத் தவிர வேறெங்கும் கிடையாது. இருந்தும் நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட்டுகளில் பன்னிரண்டாவதில் ஆறாம் கம்பியின் உயரம் பிப்ரவரியில் 2.4 மில்லிமீட்டர், ஐப்பசி மழையில் 2.7, அவ்வளவுதான். இதற்கு முன் என்னிடமிருந்த சாதாரண கிட்டார் அதே மழையில் வயிறு உப்பி மூன்றைத் தாண்டிவிடும்.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன். ஆண்டுதோறும் மார்ச் பாதி கழிந்ததும் இந்த கிட்டாரின் நெக்கின் பின்புறம் பிசுபிசுக்கத் தொடங்கிவிடும். முதல் ஃப்ரெட்டில் ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் எஃப் பாரே கார்டிலிருந்து ஏழாம் ஃப்ரெட்டுக்குக் கையை நகர்த்தினால் விரல்கள் போய்ச் சேர்ந்துவிடும், கட்டைவிரல் மட்டும் பழைய இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். எண்ணெய் தடவாமல் பலாப்பழம் உரித்தவரின் கையை நினைத்துக்கொண்டால் இந்த உணர்வைச் சரியாகப் புரிந்துகொள்ளலாம். முதல் கோடையில் என் கைதான் காரணம் என்று எண்ணி வாசிப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவினேன். இரண்டாம் கோடையில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினேன். அது வேர்வையில் குழைந்து கூழாகி, ஃப்ரெட்டுகளின் ஓரங்களில் வெள்ளை வெள்ளையாக உறைந்தது. கார் மெழுகு மூன்று நாள் தாங்கியது. கார்த்திகை பிறந்தால் எல்லாம் தானாக ஓரளவு சரியாகிவிடும், நானும் மன்னித்துவிடுவேன், பங்குனியில் மறுபடி சண்டை தொடங்கும்.

நைட்ரோ லாக்கர் கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே உலர்கிறது. பாலியூரிதேன் போல உள்ளுக்குள் வேதிவினை நடந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகுவதில்லை. ஆகையால் உலர்ந்து எத்தனை ஆண்டு ஆனாலும் தகுந்த பொருள் பட்டால் திரும்பவும் இளகிவிடும். வெப்பமும், தோலின் எண்ணெய்ப் பசையும், வேர்வையும் சேர்ந்து சிறிது சிறிதாக அந்த வேலையைச் செய்யும். மலிவான கிட்டார் ஸ்டாண்டுகளின் ரப்பரும் இதையே செய்யும், என் கிட்டாரின் நெக்கில் முதல் மாதத்திலேயே விழுந்த இரண்டு மங்கிய தழும்புகள் அதற்குச் சாட்சி. டீட் கலந்த கொசு விரட்டிக் களிம்புகள் இவை எல்லாவற்றையும்விட விரைவாகச் செய்யும். மாலையில் மொட்டை மாடியில் உட்கார்ந்து வாசிக்கும் வழக்கமுள்ள நான் முதல் இரண்டு ஆண்டுகளும் கைகளில் எதைத் தடவிக்கொண்டு போனேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்வதுதான் நியாயம். குற்றத்தில் எனக்கும் கால் பங்கு உண்டு.

மீதி முக்கால் பங்கு யாருடையது என்று கேட்டுத் தயாரிப்பாளர்களுக்கு எழுதினேன். பணிவான பதில் வந்தது. இது அந்தப் பூச்சின் இயல்பு, வேர்வையால் ஏற்படும் மாற்றம் உத்தரவாதத்தில் அடங்காது, கையையும் கருவியையும் உலர்வாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். சித்திரை மாதத்துச் சென்னையில் கையை உலர்வாக வைத்துக்கொள்ளும் வழியையும் சேர்த்து எழுதியிருந்தால் அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன்.

என் கோபம் பிசுபிசுப்பின் மேல் மட்டும் அன்று, அதற்குச் சொல்லப்படும் காரணத்தின் மேல்தான் அதிகம். நைட்ரோ 'மரத்தைச் சுவாசிக்க விடுகிறது', ஆகவே அந்தக் காலத்து ஒலிக்கு அந்தக் காலத்துப் பூச்சே வேண்டும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. அந்தக் காலத்தவர்கள் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒலியா காரணம்? 1920களில் அமெரிக்கக் கார்த் தொழிற்சாலைகளில் பழைய வகை வார்னிஷ் உலர நாள்கணக்கில் காத்திருக்க முடியாமல் போனபோது பரவிய பொருள் இது. தெளிப்பானில் அடிக்கலாம், சீக்கிரம் உலரும், தேய்த்தால் பளபளக்கும். கிட்டார் செய்தவர்களும் அந்த வசதிக்காகவே அதன் பக்கம் போனார்கள். பூச்சு எவ்வளவு மெல்லியது என்பது முகப்பலகையின் அதிர்வைப் பாதிக்கும், அதை ஏற்றுக்கொள்கிறேன். தடித்த பாலியெஸ்டர் அடித்த மலிவான கிட்டார்களைத் தட்டிப் பார்த்தாலே தெரியும். ஆனால் நெக்கின் பின்புறத்தில் என் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் லாக்கர் எந்தச் சுரத்துக்கு உதவுகிறது? பட்டைகளின் செதுக்கலில் அவர்கள் காட்டிய விசுவாசம் என் காதுக்குக் கிடைத்தது. இந்தப் பூச்சில் காட்டிய விசுவாசம் வெறும் பசையாக என் கைக்குக் கிடைத்தது. தொழிற்சாலையின் வசதிக்காக வந்த ஒன்றைப் பாரம்பரியம் என்று பெயரிட்டு அதற்கும் சேர்த்து என்னிடம் விலை வாங்கியிருக்கிறார்கள்.

குளிர் நாடுகளில் இதே பூச்சு சிலந்தி வலைபோல் விரிசல் விடும், நம் ஊரில் இளகுகிறது. விரிசலுக்காவது சந்தையில் மதிப்பு இருக்கிறது. கிப்சன் கிட்டார் நிறுவனத்தின் மர்ஃபி லேப் போன்ற பிரிவுகள் அதைச் செயற்கையாக உண்டாக்கிக் கூடுதல் விலைக்கு விற்கின்றன. பிசுபிசுப்பைக் கூடுதல் விலைக்கு விற்கும் துணிவு இன்னும் எவருக்கும் வரவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதானதால் 1969இல் மார்ட்டின் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறினார்கள். மற்றவர்களும் அவ்வழியே போனார்கள். இந்திய ரோஸ்வுட் என்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வளரும் ஈட்டிதான். நான் 2019 தொடக்கத்தில் இதை வாங்கியபோது அந்த இன மரங்கள் முழுவதும் சைட்டிஸ் என்னும், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருந்தன. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது அவ்வாண்டு நவம்பரில்தான் என்பதால், நம் மலையின் மரம் சான்றிதழோடு கடல் கடந்து வீடு திரும்பியது. இந்த ஊர்க் கோடையை அறிந்த அந்த மரம் ஆறு ஆண்டில் ஒரு முறைகூட முனகவில்லை.

வஜ்ஜிரம் இளகி, கம்பிகளை முகப்பலகையில் தாங்கும் பிரிட்ஜ் எழும்பிவிடுமோ என்ற பயமும் எனக்கு இருந்தது. வெயிலில் நிற்கும் காருக்குள் ஒருநாளும் கருவியை விட்டுவைக்காததாலோ என்னவோ, அது அசையவில்லை. கம்பிகளை முறுக்கும் டியூனர்களின் திறந்த பற்சக்கரங்களுக்கு ஆண்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

இந்தக் கோடையில் பொறுமை தீர்ந்து, பல ஆண்டுகளாக ஸ்டூடியோக் கருவிகளைச் சரிசெய்யும் ஒரு பெரியவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் கிட்டாரைக் கவிழ்த்து மடியில் வைத்து, நெக் உடலோடு சேரும் இடத்தில் கட்டைவிரல் நகத்தை மெல்ல அழுத்தி எடுத்தார். ஒரு சிறிய பிறை அப்படியே பதிந்து நின்றது. பிறகு காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு தின்னரை நனைத்து, கண்ணில் படாத ஓரத்தில் வைத்துச் சுழற்றினார். பஞ்சு பழுப்பாகி மரத்தோடு நூல்விட்டது. "நைட்ரோவேதான். காஞ்சு கெட்டியானதை உங்க கை திரும்பப் பச்சையாக்கி வச்சிருக்கு தம்பி. இதுமேல எதைப் பூசினாலும் நிக்காது, எடுத்திட வேண்டியதுதான்" என்றார். எடுத்துவிட்டால் பிற்காலத்தில் விலை குறையுமே என்றேன். "விக்கறதுக்கா வாங்குனீங்க?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் டேப்பை எடுத்துத் தலைப்பகுதிக்குக் கீழேயும் அடிப்பகுதியிலும் இரு கோடுகள் ஒட்டினார்.

சவர பிளேடைச் சற்றே சாய்த்துப் பிடித்து அவர் இழுக்க இழுக்க, ஆறு ஆண்டு என் கையோடு சண்டை போட்ட அந்தப் பூச்சு மெழுகுச் சுருளாக வந்து தரையில் விழுந்தது. கீழே மஹாகனி வெளிர் ரோஜா நிறத்தில், புதிதாக அறுத்த பலகைபோல இருந்தது. 320, 400, 600 என்று உப்புத்தாளைப் படிப்படியாக மாற்றித் தேய்த்து, நாளுக்கு ஒரு முறையாக மூன்று நாள் மரத்துக்குப் பூசும் டங் எண்ணெய் தேய்த்துக் கொடுத்தார். முகப்பலகையின் நைட்ரோவை இருவரும் தொடவில்லை.

வீட்டுக்கு வந்து எஃப் பிடித்து ஏழாம் ஃப்ரெட்டுக்கு இழுத்தேன். வெளியே வெயில் நாற்பதைத் தொட்டிருந்தது, மின்விசிறி சுடுகாற்றை இறைத்துக்கொண்டிருந்தது, கை வழுக்கிக்கொண்டு போய் நின்றது. ஒலியில் ஒரு மாற்றமும் என் காதுக்கு எட்டவில்லை, குத்துவிளக்கும் வழக்கம்போலக் கிணுகிணுத்தது. மகிழ்ச்சியடைய வேண்டிய அந்தக் கணத்தில் எனக்கு வந்தது கோபம்தான். ஆறு கோடைகளை வீணாக்கியிருக்கிறேன்.

ஆகவே அந்த இளைஞருக்கு என் முடிவு: வாங்க வேண்டாம். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரண் என்று தோன்றினால் மார்கழியில் வந்து கேளுங்கள், வேறு பதில் கிடைக்கக்கூடும். இப்போதைக்கு, நெக்கில் மட்டும் பளபளப்பு குறைந்த மெல்லிய சாட்டின் பூச்சு கொடுக்கும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள், அங்கே தேடுங்கள் என்றேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, முடிவெடுப்பதற்கு முன் என் கிட்டாரை சனி, ஞாயிறு இரண்டு நாள் கொடுத்தால் நிதானமாக வாசித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதாகச் சொன்னார். எண்ணெய் இன்னும் முழுதாக உலரவில்லை, வேறு கை படக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அது உலர்ந்து பத்து நாளாகிறது.