மூன்று ஆண்டுகளாக ஒரே பச்சை விரிப்பில்

கோல்ஃப் பழகுகிறவர்கள் பலரது வீட்டில் கிடக்கும் அந்தப் பச்சை விரிப்பை நானும் மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கினேன். பத்தடி நீளம், ஓரடி அகலம். கடைசியில் சின்ன ஏற்றம், அதன்மேல் ஒரு குழி, விழுந்த பந்து தானே திரும்பி வர ஓரமாக ஒரு வாய்க்கால். பார் 72 மைதானத்தில், அதாவது 18 குழிகளையும் 72 ஷாட்களில் முடிப்பதே இலக்கான மைதானத்தில், ஒரு குழிக்கு இரண்டு வீதம் 36 ஷாட்கள் பட்டிங்குக்கே, அதாவது குழியைச் சுற்றிய புல்தரையில் பந்தை உருட்டிக் குழியில் விழவைப்பதற்கே, என்பது கணக்கு. பாதி ஆட்டத்தை வீட்டிலேயே கற்றுவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் ஆண்டு பேரானந்தம். பத்துக்கு ஐந்து விழுந்துகொண்டிருந்தது, ஒன்பதுக்கு ஏறிவிட்டது. மைதானத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. பதற்றம்தான் காரணம் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

ஒரு நாள் நாற்காலி இடித்ததால், வழக்கமாகப் பந்து வைக்கும் இடத்திலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்து அடித்தேன். பத்துக்கு நான்கு. குனிந்து, விளக்கைத் தரையோடு சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். பந்து வைக்கும் இடத்திலிருந்து குழி வரை இழைகள் படிந்து, மினுமினுப்பாக ஒரு தடம். ஓராண்டாகப் பந்தைக் கைப்பிடித்து அழைத்துப்போனது அதுதான்! நான் சும்மா தட்டிவிட்டிருக்கிறேன்.

அதன்பின் குழியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பந்துக்கு ஒன்றரை அடி முன்னால் இரண்டு நாணயங்களை வாசல் போல வைக்கிறேன். பந்து நடுவே போகும்போது இரு பக்கமும் 8 மில்லிமீட்டர் இடைவெளி. இந்த அளவுக்குக் காரணம் உண்டு. மட்டையின் முகம் ஒரு பாகை திரும்பி, பந்தும் அதே அளவு விலகிக் கிளம்பினால், பத்தடியில் அது இரண்டு அங்குலத்துக்குச் சற்றே கூடுதலாக விலகும். குழியின் விட்டமே 4.25 அங்குலம், நடுவிலிருந்து விளிம்புக்கு அவ்வளவுதான் தூரம். அதே ஒரு பாகை, ஒன்றரை அடியில் 8 மில்லிமீட்டர். நாணயத்தில் உரசினால் பத்தடியில் விளிம்பு தட்டும் என்று பொருள். முதல் வாரம் பாதிக்கு மேல் உரசியது. அவமானமாக இருந்தாலும் உண்மையான கணக்கு.

அடுத்த குறை அந்த ஏற்றம். அதில் ஏற்றுவதற்காகக் கை தானாகவே பலமாக அடிக்கப் பழகிவிட்டது. மைதானத்தில் பந்து குழியைத் தாண்டி நான்கடி ஓடியது. இப்போது விரிப்பைத் திருப்பிப் போட்டுச் சமதளத்தில் உருட்டுகிறேன். ஆனாலும் தூரக் கணிப்பை விரிப்பு கற்றுத்தராது. புல்தரையில் பந்து உருளும் வேகம் மைதானத்துக்கு மைதானம், காலைக்கும் மாலைக்கும்கூட மாறும். விரிப்புக்கு என்றும் ஒரே வேகம். எனவே தூரத்தை மைதானத்தின் பயிற்சிப் புல்தரையில் மட்டும் பழகுகிறேன். 10 அடி, 30 அடி, 20 அடி என்று மாற்றி மாற்றி. ஒரே தூரத்தை அடுத்தடுத்து இருமுறை அடிப்பதில்லை.

உழைப்பைப் பற்றிச் சொல்வதானால், விரிப்பு சுமாரான ரகம். சுருட்டி வைத்தால் முனைகள் வளைந்துகொள்கின்றன. புத்தகங்களை அடுக்கி இரண்டு நாள் அழுத்த வேண்டியிருக்கிறது. பந்து திரும்பும் வாய்க்கால் எட்டாவது மாதமே உடைந்தது. முதலில் எரிச்சலாக இருந்தது. தடத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் அதன் அருமை புரிந்தது. முன்பு மூன்று பந்துகளை மளமளவென்று தட்டுவேன். முதலாவது விலகினால் இரண்டாவது தானே சரியாகிவிடும். மைதானத்தில் அந்த இரண்டாவது பந்தை யார் தருவார்கள்? இப்போது ஒரே பந்துதான். நடந்துபோய் எடுத்து வந்து, மறுபடி நின்று, மறுபடி குறிபார்க்கிறேன். கால் மணி நேரத்தில் இருபது முறை அடித்தாலே அதிகம்.

திரும்ப வாங்குவேனா? வாங்குவேன். தடம் விழாதபடி இடம் மாற்றி அடிக்க அகலமானதாக, ஏற்றம் இல்லாததாகப் பார்த்து. வாய்க்கால் இருந்தால் முதல் நாளே கழற்றிவிடுவேன்.