மிஷன் இம்பாசிபிள்: டி பால்மா கட்சியும் மெக்குவாரி கட்சியும்

டாம் குரூஸ் உளவாளி ஈதன் ஹன்டாக நடிக்கும் மிஷன் இம்பாசிபிள் படங்களில், பிரையன் டி பால்மா இயக்கி 1996-இல் வந்த முதல் படம்தான் உசத்தி என்பவரும், கிறிஸ்டோபர் மெக்குவாரி இயக்கிய 2018-இன் 'ஃபால்அவுட்'டைத் தாண்டி ஒன்றும் இல்லை என்பவரும் வாதாடுவதைக் கேட்டால், இருவரும் ஒரே தொடரைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று சந்தேகம் வரும். முன்னவர் சிஐஏ தலைமையகத்தின் வெள்ளை அறையைப் பற்றிப் பேசுவார். பின்னவர் டாம் குரூஸின் உடைந்த கணுக்காலைப் பற்றிப் பேசுவார். (எட்டுப் படங்களின் முடிச்சுகளையும் அவிழ்த்துத்தான் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

பிரையன் டி பால்மாவின் முதல் படம் 110 நிமிடம்தான். அதில் பேர்போன காட்சியில் அடிதடியே கிடையாது. அந்த வெள்ளை அறையில் சத்தம் கூடினால் அலாரம், சூடு ஏறினால் அலாரம், தரையில் பாரம் பட்டால் அலாரம். ஈதன் ஹன்ட் கூரையிலிருந்து கயிற்றில் தலைகீழாகத் தொங்குகிறான். மூக்குக்கண்ணாடி வழியே இறங்கும் வியர்வைத் துளி தரையைத் தொடுமுன் அவன் கையில் ஏந்த வேண்டும். பின்னணி இசையும் இல்லை. அங்கே நாம் மூச்சை அடக்குவது ஈதன் மாட்டிக்கொள்வானோ என்றுதான். நடிகருக்கு என்ன ஆகுமோ என்ற எண்ணம் துளியும் வராது.

இப்போது மறுபக்கம். 2011-இல் 'கோஸ்ட் புரோட்டோகால்' புர்ஜ் கலிஃபாவின் வெளிச்சுவரில் குரூஸை ஏற்றிவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு படமும் ஒரு சாகசத்தைக் காட்டித்தான் விற்கப்படுகிறது. 2015 முதல் எல்லாப் படங்களையும் இயக்கியவர் மெக்குவாரி. அந்த ஆண்டு 'ரோக் நேஷன்' படத்தில் குரூஸ் மேலேறும் ராணுவ விமானத்தின் பக்கவாட்டில் தொற்றிக்கொண்டார், 2018-இல் வெகு உயரத்திலிருந்து குதித்தார், 2023-இல் நார்வே மலையுச்சியிலிருந்து மோட்டார் சைக்கிளோடு பாய்ந்தார், 2025-இல் பறக்கும் இரட்டைச் சிறகு விமானத்தில் தொங்கினார். லண்டனில் கட்டடம் விட்டுக் கட்டடம் தாவியபோது கணுக்கால் முறிந்த அந்த ஷாட்டையே 'ஃபால்அவுட்'டில் வைத்திருக்கிறார்கள். உழைப்பில் குறை சொல்ல வாயே வராது. ஆனால் நார்வே பாய்ச்சல் எப்படிப் படமானது என்ற வீடியோவைப் படம் வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே வெளியிட்டுவிட்டார்கள். தியேட்டரில் உட்காரும்போது நாம் பயப்படுவது குரூஸுக்காக. அவர் நலமாகப் பேட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதும் தெரியும். பிறகு என்ன பயம்?

இதை வைத்து டி பால்மா கட்சிக்கே வெற்றி என்று எழுதிவிட முடியாது. 1966-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் உளவுக் குழுவின் தலைவர் ஜிம் ஃபெல்ப்ஸ், ரசிகர்கள் மதித்த மனிதர். அவரையே துரோகியாக்கி வைத்தது முதல் படம். தொடரில் ஃபெல்ப்ஸாக நடித்த பீட்டர் கிரேவ்ஸ் அந்த வேடத்தை ஏற்கவில்லை, ஜான் வாய்ட் நடித்தார். 'பழைய மாதிரி இல்லை' என்ற முணுமுணுப்பு மெக்குவாரி வந்த பிறகு கிளம்பியதல்ல. முதல் நாள் முதல் காட்சியிலேயே தொடங்கியது.

மெக்குவாரி கட்சி கையில் வைத்திருக்கும் துருப்புச்சீட்டும் அந்தத் தொலைக்காட்சித் தொடரிலிருந்து வந்ததுதான். 'ஃபால்அவுட்' தொடக்கத்தில் அணு விஞ்ஞானி ஒருவன் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறான். டிவியில் பேரழிவுச் செய்தி ஓடுகிறது. தான் நினைத்தது நடந்துவிட்டது என்று நம்பி, அவன் ரகசியத்தைத் திறந்துவிடுகிறான். அடுத்த நொடி சுவர்கள் சாய்கின்றன. மருத்துவமனை செட், செய்தி பொய், செய்தி வாசித்தவர் இன்னொருவர் முகத்தை அச்சாகக் காட்டும் முகமூடி போட்ட, ஈதனின் கூட்டாளி பென்ஜி. எதிரியை அடிக்காமல் அவன் வாயாலேயே உண்மையை வரவழைக்கும் இந்த ஏமாற்றுதான் மிஷன் இம்பாசிபிளின் உயிர். அது இருக்கும்வரை எத்தனை ஹெலிகாப்டர் மோதினாலும் எனக்குச் சம்மதம்.

நடுவில் வந்த இரண்டை அதிகம் நீட்ட வேண்டாம். ஜான் வூவின் இரண்டாம் படம் புறா, ஸ்லோமோஷன், பைக் என்று அவருடைய படமாகத்தான் இருந்தது. முகமூடியை அளவுக்கு மீறிக் கழற்றிக் கழற்றி அந்த வித்தையையே மலிவாக்கிவிட்டது. இன்று கேலி செய்கிறோம், ஆனால் 2000-இல் உலக வசூலில் முதலிடம் அதற்குத்தான். மூன்றாவது படத்தில் ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன் இருக்கிறார், இந்தத் தொடரின் ஆகச்சிறந்த வில்லன். அந்தப் படமோ எட்டிலும் குறைந்த வசூல். வசூலை வைத்து வாதாடுபவர்கள் இந்த இரண்டையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

என் ஓட்டு இரண்டு கட்சிக்கும் இல்லை, பிராட் பேர்டின் 'கோஸ்ட் புரோட்டோகால்'க்கு. அனிமேஷனிலிருந்து வந்தவர், நடிகர்களை வைத்து எடுத்த முதல் படம். புர்ஜ் கலிஃபா ஏற்றத்தைப் பலரும் சாகசமாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஈதன் ஏன் ஏறுகிறான்? கட்டடத்தின் லிஃப்டையும் கேமராக்களையும் ஆட்டிவைக்கும் சர்வர் அறைக்குள் நுழைய. அது கைக்கு வந்தால்தான் விற்பவளை ஒரு மாடியிலும் வாங்குபவனை வேறொரு மாடியிலும் உட்காரவைத்து, இருவரும் நேரில் சந்தித்ததாக நம்பவைக்க முடியும். அந்த நேரம் பார்த்து முகமூடி செய்யும் இயந்திரம் கெட்டுப்போகிறது. சொந்த முகத்தோடு போய் உட்கார்ந்து சமாளிக்கிறார்கள். சாகசம் ஏமாற்றுக்கு வேலை செய்கிறது. பின்னால் வந்த படங்களில் பல இடங்களில் அது தலைகீழானது. இந்தப் படத்திலும் ஓட்டை உண்டு. வில்லன் சப்பை. அனில் கபூரை அழைத்துவந்து வழியவிட்டது நமக்கு இன்னும் ஆறவில்லை.

2025-இன் 'ஃபைனல் ரெக்கனிங்' கிட்டத்தட்ட 170 நிமிடம், பாதி நேரம் பழைய கணக்கைத் தீர்ப்பதிலேயே போகிறது. மூன்றாம் படத்தில் எல்லோரும் துரத்தும் 'முயல் கால்' என்ற பொருள் என்ன என்று கடைசிவரை சொல்லாமல் விட்டதுதான் அழகு. இங்கே அதற்கு விளக்கம். ஃபெல்ப்ஸுக்கு ஒரு மகன் வேறு. எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் கோத்தே தீர வேண்டுமா? ஆனால் கடலடியில் மூழ்கிக் கிடக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்குள் ஈதன் நுழையும் பகுதியில் வசனம் ஏறக்குறைய இல்லை. கப்பல் மெல்ல உருள்கிறது, டார்பிடோக்கள் சரிகின்றன. அந்த நேரம் மட்டும் குரூஸ் மறைந்து ஈதன் தெரிந்தான்.

எந்தக் கட்சியும் வக்காலத்து வாங்காத விஷயம் ஒன்று உண்டு. ரெபெக்கா ஃபெர்குசன் நடித்த உளவாளி இல்சா. 'ரோக் நேஷன்' வியன்னா ஓபராவில் மஞ்சள் உடையோடு துப்பாக்கியைக் குறிபார்த்தபோதே ஈதனுக்குச் சமமான ஆள் என்று புரிந்துவிட்டது. அவளை 2023-இல் வெனிஸ் பாலத்தில் அவசர அவசரமாகக் கொன்று, அந்த இடத்தில் புதிதாக வந்த கிரேஸை உட்காரவைத்தார்கள். கிரேஸாக ஹேலி ஆட்வெல் நன்றாகவே நடித்தார், அவர் மேல் பழியில்லை. ஆனால் இல்சாவை உருவாக்கியதும் மெக்குவாரி, கொன்றதும் மெக்குவாரி. இதற்கு மட்டும் அவருடைய கட்சிக்காரர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.