எழுத்துப்படியைத் திருப்பி அனுப்புவதா, எதிர்ச்சான்றைத் தேடுவதா?

“உங்கள் நேர்காணல்கள் ஏற்புடையவைதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?” பண்புசார் ஆய்வு, அதாவது எண்களை விட்டு மனிதர்களின் பேச்சையும் அனுபவத்தையும் ஆராயும் ஆய்வு, செய்த யாரிடமும் வாய்மொழித் தேர்வில் இந்தக் கேள்வி வரும். “நேர்காணல் பேச்சை அப்படியே எழுதியெடுத்த எழுத்துப்படியை, பேசிய தகவலாளிகளுக்கே அனுப்பிச் சரிபார்த்துவிட்டோம்” என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள், கேள்வி அதோடு முடிந்தது. அது முடிந்திருக்கக் கூடாது என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

செவிலியர்களின் இரவுப்பணி பற்றிய ஆய்வு அது. ஒருவர் பேசும்போது, “அன்றைக்கு வந்த கோபத்தில் கையே நடுங்கியது” என்றார். எழுத்துப்படி திரும்பி வந்தபோது அந்த வரி அடிக்கப்பட்டு, மேலே “சற்று வருத்தமாக இருந்தது” என்று திருத்தமாக எழுதப்பட்டிருந்தது. எது உண்மை? இரண்டுமே. முதலாவது அவர் நினைவுகூர்ந்தபோது வந்தது. இரண்டாவது, தன் பேச்சு அச்சில் எப்படித் தெரியும் என்று யோசித்தபோது வந்தது. அவர் திருத்தியதை மட்டும் நான் வைத்துக்கொண்டு பழையதைக் கோப்பிலிருந்தே நீக்கிவிட்டேன். சரிபார்ப்பு என்று நினைத்துக்கொண்டு தரவை மெலிய வைத்திருக்கிறேன்.

அதற்காக எழுத்துப்படியை அனுப்பவே வேண்டாம் என்று சொல்லவில்லை. தன்னைக் காட்டிக்கொடுக்கும் ஒரு விவரத்தை எடுத்துவிடச் சொல்ல தகவலாளிக்கு உரிமை உண்டு. காதில் தவறாக விழுந்த மருந்துப் பெயரும் திருந்தும். ஆனால் அது அறமும் துல்லியமும் சார்ந்த வேலை. நம் விளக்கம் சரிதானா என்பதற்கு அதில் பதில் கிடையாது. தகவலாளியிடம் திரும்பிப் போவதே நம்பகத்தை நிலைநாட்டும் மிக முக்கியமான வழி என்று 1985இல் ஆய்வுமுறை அறிஞர்கள் லிங்கனும் கூபாவும் எழுதினார்கள். அவர்கள் அதில் தரவோடு வகைப்பாடு, விளக்கம், முடிவு எல்லாவற்றையும் சேர்த்தே சொன்னார்கள். நடைமுறையில் பலர் பேச்சின் நகலை மட்டும் அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள்.

சரி, விளக்கத்தையே கொண்டுபோய்க் காட்டினால்? இது பல மடங்கு மேல். நாற்பது பக்கத்தைக் கொடுக்காமல் ஒரு பக்கச் சுருக்கம் கொடுங்கள். “சரிதானே?” என்று கேட்டால் மரியாதைக்காகவே “சரி” என்றுவிடுவார்கள். “இதில் உங்கள் அனுபவத்தோடு ஒட்டாதது எது?” என்று கேளுங்கள். ஒரு சிக்கல் மட்டும் எஞ்சும். இளையவர்கள் தன்னைக் கண்டு பயப்படுகிறார்கள் என்ற முடிவை மூத்த செவிலியர் ஒருவர் மறுத்தால், முடிவு தவறாகிவிடாது. அந்த மறுப்பும் ஒரு தரவுதான்.

இந்த இரண்டையும்விட நேர்காணல் நடக்கும்போதே சரிபார்ப்பதை நான் நம்புகிறேன். “நீங்கள் சொல்வதை இப்படிப் புரிந்துகொள்கிறேன், எங்கே தவறு?” என்று அங்கேயே கேட்டால் நினைவு சூடாக இருக்கும்போதே திருத்தம் வந்துவிடும். வார்த்தையில் மட்டும் கவனம் வேண்டும். “அப்போது பயந்தீர்களா?” என்றால் பயத்தை நாமே அவர் வாயில் வைத்துவிடுகிறோம். “அப்புறம் என்ன நடந்தது? வரிசையாகச் சொல்லுங்கள்” என்றால் பயம் இருந்தால் அதுவாகவே வரும்.

அடுத்தது முக்கோணச் சரிபார்ப்பு, அதாவது ஒன்றையே பல கோணங்களிலிருந்து பார்த்து ஒப்பிடுவது. நில அளவையிலிருந்து வந்த சொல். 1970இல் சமூகவியலாளர் டென்சின் இதைத் தரவு, ஆய்வாளர், கோட்பாடு, முறை என்று நான்காகப் பிரித்தார். “எப்போதும் எனக்குத்தான் இரவுப்பணி” என்கிறார் ஒருவர். பணிப்பட்டியலைப் பார்த்தால் எல்லோருக்கும் சம எண்ணிக்கை. அவர் பொய் சொல்கிறாரா? எண்ணிக்கைக்குப் பட்டியல் சான்று, சுமைக்கு அவர் பேச்சு சான்று. இரண்டும் ஏன் ஒட்டவில்லை என்று மறுபடி போய்க் கேட்டால் ஆய்வு ஆழமாகும். எந்த ஆவணம் யாரைப் பொய்யாக்குகிறது என்று தேடப்போனால் பாழாகும்.

பேச்சின் ஒவ்வொரு பகுதியும் எதைப் பற்றியது என்று இருவர் தனித்தனியே குறியிட்டு, உளவியலாளர் கோஹன் 1960இல் தந்த கப்பா மதிப்பைக் கணக்கிடுவதும் உண்டு. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு உடன்பாட்டை அளக்கும் கணக்கு அது. எண் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரே துறையில் ஒரே மாதிரி பயின்ற இருவர் ஒரே இடத்தில் சறுக்கினாலும் கப்பா உயர்ந்தே நிற்கும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது எதிர்ச்சான்றை, அதாவது நம் முடிவோடு ஒட்டாத சான்றை, தேடுவதை. அதே ஆய்வில், “புதியவர்கள் தங்கள் பிழையைச் சொல்லப் பயப்படுகிறார்கள்” என்று கிட்டத்தட்ட முடிவு கட்டிவிட்டோம். சேர்ந்து இரண்டே மாதமான ஒருவர் மட்டும், தான் தயங்காமல் சொல்லிவிடுவதாகச் சொன்னார். விதிவிலக்கு என்று ஒதுக்கத்தான் முதலில் தோன்றியது. மறுபடி போய்க் கேட்டோம். அவருடைய வார்டில் பணி மாற்றும்போது மூத்தவர் முதலில் தன் சறுக்கலைச் சொல்வாராம், அதன் பிறகுதான் மற்றவர்கள் பேசுவார்களாம். அப்படியானால் பணிக்காலத்தைவிட யார் முதலில் வாய் திறக்கிறார் என்பதுதான் விஷயமோ? அந்தப் பழக்கம் உள்ள வேறு வார்டுகளையும் இல்லாத வார்டுகளையும் தேடிப் போனோம். முழு வாதத்தையும் திருப்பி எழுத வேண்டியிருந்தது. எழுத்துப்படியை எத்தனை முறை அனுப்பியிருந்தாலும் இது கிடைத்திருக்காது.

நேர்காணல் ஆய்வுகளை அறிக்கையிட 2007இல் வெளியான கோரெக் (COREQ) பட்டியலில் 32 அம்சங்கள் உண்டு. எழுத்துப்படி திருப்பித் தரப்பட்டதா, முடிவுகள் பற்றித் தகவலாளிகள் கருத்துச் சொன்னார்களா என்று அதுவும் கேட்கிறது. செய்ததைச் சொல்லுங்கள் என்பதுதான் அதன் கோரிக்கை. “ஆம்” என்று நிரப்பினாலே ஏற்புடைமை வந்துவிடும் என்று எடுத்துக்கொள்வது நம் பிழை.

ஒரு மாதம்தான் கையில் இருக்கிறது என்றால் இரண்டாவது குறியீட்டாளரை விட்டுவிடுவேன். எழுத்துப்படியைக் கேட்பவர்களுக்கு மட்டும் அனுப்புவேன், திருத்தம் வந்தால் பழைய வரியையும் வைத்துக்கொள்ளச் சம்மதம் கேட்பேன். மிச்ச நாட்களை நம் முடிவோடு ஒட்டாத அந்த ஒருவரிடம் திரும்பிப் போகவும், அவரைப் போன்ற இன்னொருவரைக் கண்டுபிடிக்கவும் வைத்துக்கொள்வேன்.